அறுப்பு வண்டிக்காரி

கோமதி,

நீ வண்டியோடு தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகப் போகிறது. தினமும் போனில் பேசுகிறோம் என்றுதான் பெயர். நான் "சாப்பிட்டியா" என்கிறேன், நீ "ஆச்சும்மா" என்கிறாய், பின்னால் வண்டிச் சத்தம் கேட்கிறது, யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள், "பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் முறுக்கு டப்பாவுக்குள் இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். முறுக்கு எல்லோருக்கும். கடிதத்தை நீ முதலில் படித்துவிட்டு, சொந்தத் தொழில் நடத்தும் உன் சிநேகிதிகளிடம் காட்டுவதென்றால் காட்டு, எனக்குக் கூச்சமில்லை. பொங்கலுக்கு முன்னால் அவர்களில் ஒருத்தி, தையல் யூனிட் வைத்திருக்கிறாளே, அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்: "அத்தை, கோமதி பொறந்ததுல இருந்தே இப்படித் தைரியந்தானா? எனக்குத் துணி வாங்க வாறவங்ககிட்ட வெலை சொல்லவே வாய் வரல." அப்போது நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

பிறந்ததிலிருந்தே நீ அப்படி இல்லை. பக்கத்துக் கடையில் மிச்சச் சில்லறை கேட்கத் தயங்கி, தராவிட்டாலும் பேசாமல் வருகிற பிள்ளைதான் நீ. மெக்கானிக்கல் படித்தாய், கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனாய், நல்ல வேலை. ஒரு புரட்டாசியில், கார் நெல் அறுப்பு சமயத்தில் விடுமுறைக்கு வந்திருந்தாய். நம்முடைய வயல் கையகலம்தான், ஆனாலும் அறுப்பு வண்டிக்காக அப்பா தினமும் புரோக்கருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு வந்துரும் சார்" என்றே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கதிர் முற்றி, மணி உதிர்ந்து தரையில் கிடந்தது. ஒருநாள் நீ வரப்பில் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்து, "சேலத்துல இருந்தும் ஆத்தூர்ல இருந்தும் இத்தனை வண்டி வருது. நம்ம ஊர் வண்டின்னு ஒண்ணு கூட இல்லையேம்மா" என்றாய். நான் ஏதோ அங்கலாய்ப்பு என்று நினைத்தேன். மறு வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்து, பெரியப்பாவை ஜாமீனுக்குக் கூட்டிக்கொண்டு பேங்கில் போய் உட்கார்ந்தாய். சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுப்பு வண்டி ஒன்று, ஆத்தூர்க்கார டிரைவர் ஒருவர், நீ. சேரன்மகாதேவியில் நம் தெருக்காரர்கள் வண்டியைப் பார்க்க வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், பாராட்டினார்கள். ஒருவரும் அறுக்கக் கூப்பிடவில்லை. புரோக்கர்கள் எல்லாம் ஒன்று போல உன் நம்பரைத் தவிர்த்தார்கள்.

முதலில் உன்னைக் கூப்பிட்டவள் பேச்சியம்மாள். அவளும் தானாகக் கூப்பிடவில்லை; நீ பத்தமடைப் பக்கம் வயல் வயலாகப் போய்க் கேட்டதில் அவள்தான் சரி என்றாள். புருஷன் இல்லாதவள், குத்தகை வயல், எந்த வண்டிக்காரனும் அவள் வயலுக்குக் கடைசியாகத்தான் வருவான். நீ ஓரத்தில் காலை வைத்துப் பார்த்தாய், தரை கெட்டியாக இருந்தது, வண்டியை இறக்கிவிட்டாய். நடுவயலில் ஈரம் காயவில்லை. வண்டி வயிறு வரை இறங்கிவிட்டது. பொக்லைன் கொண்டுவந்து வெளியே இழுப்பதற்குள் பொழுது சாய்ந்தது. இழுத்த இழுப்பில் நின்ற கதிரில் பாதி சேற்றோடு சேறாகிவிட்டது. சேதி கேட்டு நானும் அப்பாவும் ஆட்டோ பிடித்து ஓடிவந்தோம். ஊர் ஆண்கள் எல்லாம் வரப்பில் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ நேரே பேச்சியம்மாள் முன்னால் போய் நின்றாய். "நான் நடுவுல எறங்கிப் பாக்கல. தப்பு என்னுதுதான்" என்று சொல்லும்போதே உனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கிட்ட அழுது என்ன செய்ய? அழுதா நெல்லு நிமிந்துருமா? விடிஞ்சதும் அருவாளோட வா. நின்னதையாவது அறுத்து எடுப்போம்."

அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் நீ "கோயம்புத்தூருக்கே போயிருதேன்" என்று சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நானே டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பேன். நீயோ கை கால் கழுவிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்று, "நாளைக்குச் சோறு கூடக் கட்டும்மா. அவங்களுக்கும் சேத்து" என்றாய். மறுநாள் முழுக்க நீயும் அவளுமாகக் குனிந்து அறுத்தீர்கள். உன் உள்ளங்கை கொப்புளித்துப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டபோது "எரியுது" என்றாய். அன்றைக்கு நான் கண்டுகொண்டேன். தைரியம் வந்த பிறகு ஒருத்தி தொழிலுக்கு வருவதில்லை. யாருக்கு நஷ்டம் உண்டாக்கினோமோ அவர்கள் முகத்தைப் பார்த்து, "என்னால்தான்" என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதே இடத்துக்குப் போகிறாள் பார், அப்படிப் போய்ப் போய்த்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. தையல்காரப் பெண்ணிடம் இதைச் சொல்.

அடுத்து நீ செய்ததுதான் யாருக்கும் தோன்றாதது. வயல் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று பேச்சியம்மாளையே வேலைக்குக் கேட்டாய். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அவ ஊரெல்லாம் ஒன்னையத் திட்டிக்கிட்டுத் திரியுதா. அவளையா?" நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "அவங்களுக்கு யார்கிட்டயும் இல்லன்னு சொல்லத் தெரியுதுப்பா. எனக்கு அது வர மாட்டேங்குது." உண்மைதான். வயல்காரர்கள் மழைக்குப் பயந்துகொண்டு, "காஞ்சுதாம்மா கெடக்கு, பயப்படாம எறக்கு" என்று சொன்னால் நீ தலையாட்டிவிடுவாய். பேச்சியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவயல் வரை நடந்து பார்த்துவிட்டு வந்து, "அண்ணாச்சி, ஒம்ம வாயி காஞ்சிருக்கு, வயலு காயல. ரெண்டு நா கழிச்சுக் கூப்பிடும்" என்பாள். அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுத்தான் நீயும் பழகினாய். தன்னிடம் இல்லாத குணம் உள்ளவரை, அவர் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், பக்கத்தில் வைத்துக்கொள்வதற்குப் பெரிய மனசு வேண்டும். அந்த மனசு உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அப்படி யாரும் கிடையாது.

அந்த வருஷம் மாசியில் வந்த பிசான அறுப்பின் நடுவில் ஆத்தூர்க்கார டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு புரோக்கரின் வண்டிக்குப் போய்விட்டார். அறுப்பு உச்சத்தில் எங்கே போய் ஆள் தேடுவது? சாப்பாட்டு நேரங்களில் அவரிடமே கேட்டுக் கேட்டு நீ ஓட்டப் பழகியிருந்தாய். ஆனால் வெறும் தரையில் ஓட்டுவது வேறு, அடுத்தவர் கதிருக்குள் இறக்குவது வேறு. கல்லிடைக்குறிச்சி போகும் வழியில் அந்தப் பெரிய வயல், வரப்பில் ஐந்தாறு இளவட்டங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீ விழுந்தால் படம் பிடிக்கத்தான். ஏணியில் ஏறும் முன் என்னிடம் தண்ணீர் பாட்டில் வாங்கினாய். மூடியைத் திறந்துவிட்டு, குடிக்காமலே திருப்பிக் கொடுத்தாய். "ஏளா, பயமா இருக்கா?" என்று கேட்டேன். "ரொம்ப" என்றாய். பிறகு ஏறிவிட்டாய். முதல் சுற்று கோணல்மாணலாகப் போனது, ஓரத்துக் கதிரை விட்டுவிட்டாய், ஒருவன் சத்தமாகச் சிரித்தான். மூன்றாவது சுற்றில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன்கள் எடுத்த படம்தான் வீரவநல்லூர் வரை போன் போனாகச் சுற்றியது. அதைப் பார்த்து முதலில் கூப்பிட்டவர்கள் எல்லாம் பெண்கள். புருஷன் துபாயில் இருக்கிறவள், பிள்ளை சென்னையில் இருக்கிறவள், ஒற்றையாக வயலைப் பார்த்துக்கொள்கிறவள். எல்லா வண்டிக்காரர்களும் கடைசியில் வைத்திருந்த துண்டு வயல்களை, பக்கம் பக்கமாக உள்ளதைச் சேர்த்து, ஒரே மூச்சில் அறுக்கிற மாதிரி வரிசை போட்டு, அதை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முந்தின நாளே அனுப்பினாய். யாருக்கு எப்போது வண்டி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். உன் தொழில் நிலைத்தது அந்த வரிசையால்தான்.

இன்னொன்றையும் எழுதுகிறேன், கூச்சப்படாதே. வயலில் ஒதுங்க ஆணுக்கு எந்த மரமும் மறைவு. நீயோ காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்து இருந்து, காய்ச்சலில் விழுந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். அதன் பிறகுதான், வயல் பார்க்கப் போகும்போதே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "எங்க பிள்ளை நாளைக்கு வருவா, கக்கூஸ் போக வருவா, கதவைத் தொறந்து விடு தாயி" என்று பேச்சியம்மாள் கேட்டு வைக்கத் தொடங்கினாள். எந்தத் தொழில் புத்தகத்திலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். உடம்பை வருத்திக்கொள்வதைத்தான் பெண்பிள்ளை உழைப்பு என்று நம் ஊரில் மெச்சுகிறார்கள். அந்த மெச்சுதல் உனக்கு வேண்டாம். அங்கே தஞ்சாவூரிலும் வயலைப் பார்க்கும் முன் இதைப் பார். தண்ணீர் குடி. கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

பெரியப்பா விஷயத்தை நாம் இரண்டு பேரும் இதுவரை உட்கார்ந்து பேசியதில்லை. போன கார் நெல் அறுப்பு சமயம். நான் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்திருந்தேன். மேற்கே மலை தெரியாத அளவுக்கு மேகம். பெரியப்பா காரை வாய்க்கால் பாலத்தில் நிறுத்திவிட்டு நேரே வயலுக்கே வந்துவிட்டார்.

"ஏளா கோமதி, வண்டிய நம்ம வயலுக்குத் திருப்பு. மேகம் எப்படி எறங்கிட்டு நிக்கி, பாத்தியா?"

"பாத்துட்டுதான் இருக்கேன் பெரியப்பா. இன்னும் ரெண்டு பேர் வயலு இருக்கு. அது முடிஞ்சதும் ஒங்களுதுதான்."

"அவளுவ வச்சிருக்கது துண்டு வயலு. நனைஞ்சா என்ன பெரிய நட்டம் வந்துரும்? எனக்கு அப்படியா?"

"அவங்களுக்கு அது ஒண்ணுதான் பெரியப்பா இருக்கு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பேங்குல ஒனக்காக வந்து உக்காந்தவன் நான். நெனப்பு இருக்கா?"

"இருக்கு பெரியப்பா. சாகுற வரைக்கும் இருக்கும். கேட்டா எங்க வீட்டைக் கூட எழுதித் தாரேன். வரிசைய மட்டும் மாத்தச் சொல்லாதீங்க."

வீடு உன் அப்பா பெயரில் இருக்கிறது. அதை நீ பாட்டுக்கு எழுதித் தருகிறேன் என்கிறாய். அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. நம் குடும்பத்தில் பெரியப்பா பேச்சுக்கு யாரும் மறுபேச்சு பேசிப் பழக்கமில்லை. நீ குரலை உயர்த்தவில்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மழை நீ கேட்டுக்கொண்ட மாதிரியா வரும்? இரண்டாவது வயல் முடிகிற நேரத்தில் கொட்டத் தொடங்கியது. பெரியப்பாவின் கதிர் முழுக்கச் சாய்ந்துவிட்டது. அன்று வீட்டில் நீ ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாய். "நான் செஞ்சது சரியாம்மா?" என்று கேட்டாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பதில் இப்போதுதான் தெரிகிறது. சரியானதைச் செய்தால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி தொழில் நடத்த முடியாது. சரியாகச் செய்தும் வலிக்கும். அந்த வலியோடு அடுத்து என்ன செய்கிறாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நீ செய்ததை நான் பார்த்தேன். தண்ணீர் வடிந்து தரை இறுகியதும் பெரியப்பா வயலுக்குப் போனாய். சாய்ந்த கதிரை எடுக்க எந்த டிரைவரும் முகம் சுளிப்பான்; வண்டியைப் பைய உருட்டி, கதிர் சாய்ந்த பக்கம் பார்த்து எதிர்த்து எதிர்த்துப் போக வேண்டும். நீ புதிதாக வேலைக்குச் சேர்த்த ஆளிடம் விடாமல் நீயே ஏறினாய். அன்றைக்கு முழுக்க அந்த ஒரு வயல்தான். பெரியப்பா குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். தீபாவளிக்கும் நம் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவருடைய கூட்டாளி ஒருவர் வண்டி கேட்டு வந்தார். "ஒங்க அத்தான்தான் சொன்னாரு. 'அவகிட்டச் சலுகை கேக்காத, கெடைக்காது. ஆனா சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து நிக்கும்'னாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா சொன்னது திட்டா, பாராட்டா என்று அப்பாவும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். நீ என்னிடம் விட்டுப் போன புக்கிங் போன் அடித்தது. எடுத்தால் பெரியப்பா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் நேருக்கு நேர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அப்பா மூலமாகத்தான்.

"யாரு பேசுதது?"

"நான்தான் அத்தான். கோமதி தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கா. பிசான அறுப்புக்கு வந்துருவா. புக்கிங் எல்லாம் எங்கிட்டதான்."

"அப்பம் நம்ம வயலையும் போட்டுக்கோ."

"போட்டுக்கிடுதேன். ஒங்களுக்கு முன்னால ஆறு பேரு இருக்காங்க அத்தான்."

சொல்லிவிட்டேன். அவர் ஒரு செருமல் செருமிவிட்டு, "இருக்கட்டும். அதுக்குத்தான இப்பமே கேக்கேன்" என்றார். வைக்கும் முன், "பிள்ளை அங்கன சௌரியமா இருக்காளா?" என்றும் கேட்டார். போனை வைத்த பிறகு நான் அடுக்களையில் தனியாக நின்று சிரித்தேன். மகள்தான் அம்மாவைப் பார்த்து வளர வேண்டும் என்று யார் சொன்னது? இந்த வயதில் நான் உன்னைப் பார்த்து வளர்ந்துகொண்டிருக்கிறேன். வந்ததும் எனக்கு ஒரு சம்பளம் போட்டுக் கொடு. அப்படியே உனக்கும் ஒன்று போட்டுக்கொள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மிச்சமிருந்தால் எனக்கு என்று இருக்கிறாயே, அந்தப் பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே ஊர் புதிது. உன்னை யாருக்கும் தெரியாது. இங்கே முதல் வருஷம் பட்டதெல்லாம் அங்கே திரும்பவும் வரலாம். வரட்டும். தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கு. தப்பாகப் போனால் நேரே போய்ச் சொல். கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன், அதனால் எடுக்கவில்லை.

கடைசியாக, நீ கிளம்பிய காலையில் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. அப்பா எப்படிப்பட்டவர் என்று தெரியும் உனக்கு. மின்சார வாரியத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அளந்துதான் பேசுவார். இத்தனை நாளும் யாராவது "மக என்ன செய்யுதா?" என்று கேட்டால், "கோயம்புத்தூர்ல கம்பெனியில இருந்தா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அன்றைக்கு, தீபாவளிக்குப் பிறகு நீ வாங்கிய இரண்டாவது வண்டியை ஏற்ற லாரி வந்து தெருமுனையில் நின்றது. நீ லாரி மேலே ஏறி நின்று, பேச்சியம்மாள் கீழிருந்து கத்தக் கத்த, சங்கிலியை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாய். லாரி டிரைவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அப்பாவிடம் வந்து, "ஓனர் நீங்கதானேய்யா? கையெழுத்துப் போடுங்க" என்றார். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் இல்ல தம்பி. அந்தா மேல சங்கிலி மாட்டிக்கிட்டு நிக்கா பாரும், அவதான் ஓனர். எம் மக."

டிரைவர் அண்ணாந்து பார்த்தார். அப்பா அதோடு விடவில்லை. அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். "ரெண்டு வண்டி வச்சிருக்கா. தானே ஓட்டுவா. சாஞ்ச கதிரக் கூட எடுத்துருவா. இந்தப் பக்கம் யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரும்."

இன்ஜின் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. லாரி திரும்பி மறைகிற வரைக்கும் ரோட்டிலேயே நின்றார். பிறகு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டார். காபியைக் குடித்துக்கொண்டே, லாரிக்காரர் கேட்டதையும் தான் சொன்னதையும், நான் பக்கத்திலேயே நின்றதை மறந்துபோய், முதலிலிருந்து எனக்குச் சொல்லத் தொடங்கினார். நானும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா